பள்ளிச் சோற்றின் கணக்கை எழுதுவது யார்?

மதிய உணவு வழங்கும் ஒவ்வொரு பள்ளியிலும் தினமும் காலையில் ஒரு கேள்வி எழுகிறது: இன்று எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும்? அந்த எண்ணை யார் சொல்வது, எந்த நேரத்தில் சொல்வது, யாரிடம் சொல்வது, அது தவறானால் யார் பொறுப்பேற்பது என்ற நான்கிற்கும் ஒரு பள்ளி அளிக்கும் விடைதான் அதன் உணவுக் கோரிக்கை முறை. மேலோட்டமாகப் பார்த்தால் இது தலைமை ஆசிரியர் ஒரு குறிப்பேட்டில் முடித்துவிடக்கூடிய சின்ன நிர்வாக வேலை. ஆழ்ந்து பார்த்தால் குழந்தைகளின் பசி, சமைக்கும் பெண்களின் வாழ்வாதாரம், பொதுப் பணத்தின் நேர்மை, உள்ளூர் ஜனநாயகம் ஆகிய அனைத்தும் இந்த ஒரு எண்ணைச் சுற்றியே நிற்கின்றன.

மேற்கு வங்கத்தின் ஹவுரா நகரில் உள்ள சாந்த்ராகாச்சியை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு வரும் ரயில்கள் புறப்படும் நிலையம் என்ற அளவில் தமிழ்நாட்டுப் பயணிகளும் அறிந்த பெயர் அது. தென்கிழக்கு ரயில்வேயின் பெரிய சந்திப்பு. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் ஏரி. அருகிலேயே சரக்கு வாகனங்கள் இடைவிடாது ஓடும் கோனா விரைவுச்சாலை. ரயில்வே ஊழியர்களும், பட்டறைத் தொழிலாளர்களும், வீட்டுவேலை செய்யும் பெண்களும், கட்டுமானக் கூலிகளும் வாழும் பகுதி. இப்பகுதியின் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் உழைப்பாளி மக்களின் பிள்ளைகளுக்கு மதியச் சோறு என்பது கூடுதல் சலுகை அல்ல. பலருக்கு அதுவே அன்றைய முதல் முழுச் சாப்பாடு.

இத்தகைய பகுதியில் ஒரு பள்ளி எந்த முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இன்று மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, வங்கத்தில் பரவலாக உள்ள முறை: காலையில் தலைகளை எண்ணி, பள்ளியின் சமையலறையிலேயே சுய உதவிக்குழுப் பெண்கள் சமைப்பது. இரண்டாவது, முந்தைய நாளே எண்ணிக்கையை அனுப்பி, தொலைவிலுள்ள மைய சமையற்கூடத்திலிருந்து வாகனத்தில் உணவைப் பெறுவது. மூன்றாவது, தனியார் பள்ளிகளில் பரவிவரும் முறை: பெற்றோர் கைபேசிச் செயலியில் பணம் கட்டி, பிள்ளைக்கான உணவைத் தேர்வு செய்வது.

எண்ணிக்கை எங்கே ஊதிப் பெருக்கிறது?

மைய சமையற்கூடத்தை ஆதரிப்போர் முதலில் சொல்லும் காரணம் கணக்கு. பள்ளிகள் பொய்க் கணக்கு எழுதுகின்றன, வராத பிள்ளைகளை வந்ததாகக் காட்டுகின்றன, ஆகவே பொறுப்பைப் பள்ளியிடமிருந்து எடுத்து ஒரு நிறுவனத்திடம் அல்லது ஒரு கணினி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறார்கள். மேற்கு வங்கத்தில் முறைகேடுகளே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2019 ஆகஸ்டில் ஹூக்ளி மாவட்டம் சின்சுராவில் ஒரு பெண்கள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறும் உப்பும் மட்டுமே பரிமாறப்பட்டது வெளிவந்து மாநிலமே தலைகுனிந்தது. திரிணாமுல் ஆட்சியில் பொதுப்பணம் எவ்வாறு கையாளப்படுகிறது என்பது குறித்து நமக்கு மயக்கம் ஏதுமில்லை.

ஆனால் கணக்கு எந்த இடத்தில் பிசகுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 2023இல் வெளிவந்த ஒன்றிய அரசின் கூட்டு ஆய்வுக் குழு அறிக்கை, 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதங்களில் மேற்கு வங்கத்தில் சுமார் 16 கோடி சாப்பாடுகள், 100 கோடி ரூபாய்க்கும் மேலான மதிப்பில், கூடுதலாகக் காட்டப்பட்டதாகக் குற்றம் சாட்டியது. மாநிலப் பிரதிநிதியின் கையொப்பம் பெறாமலேயே அறிக்கை அளிக்கப்பட்டதாகக் கூறி மாநில அரசு அதை நிராகரித்தது. இந்தச் சண்டையில் பலர் கவனிக்கத் தவறிய ஒரு விவரம் உண்டு. மாவட்டங்கள் மாநிலத்துக்கு அனுப்பிய அறிக்கைகளின்படி வழங்கப்பட்ட சாப்பாடுகள் சுமார் 124 கோடி. மாநிலம் ஒன்றிய அரசுக்கு அனுப்பிய அறிக்கையிலோ சுமார் 140 கோடி. அதாவது, அறிக்கை சுட்டிய இடைவெளி பள்ளியின் அடுப்பங்கரையில் தோன்றியதல்ல. மாவட்டத்துக்கும் தலைநகருக்கும் இடையே, கோப்புகள் பயணம் செய்யும் வழியில் தோன்றியது. சோற்றுப் பானையிலிருந்து எவ்வளவு தூரம் விலகிச் செல்கிறதோ அவ்வளவுக்கு அந்த எண் மக்களின் கண்ணிலிருந்தும் மறைகிறது. நோய் மேலே இருக்கும்போது மருந்தை மட்டும் கீழே உள்ள சமையல்காரப் பெண்ணின் வாயில் ஊற்றுவது என்ன நியாயம்?

இதே காரணத்தைச் சொல்லித்தான் 2017 பிப்ரவரி 28 அன்று மதிய உணவுக்கு ஆதாரைக் கட்டாயமாக்கும் அறிவிக்கை வெளியிடப்பட்டது. நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகே வேறு அடையாள ஆவணங்களும் ஏற்கப்படும் என்று ஒன்றிய அரசு இறங்கிவந்தது. ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் திட்டப் பயன்களை மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. இருந்தும் 2025 ஜூலை முதல் அங்கன்வாடிகளில் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவுக்கு முக அடையாளப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. கேமராவுக்கு முகம் தெரியவில்லை என்றால் தாய்க்குச் சத்து மாவு இல்லை. இது நாளை பள்ளியின் தட்டுக்கும் வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

காலை நான்கு மணியும் காலை பதினோரு மணியும்

மைய சமையற்கூடத்தில் அதிகாலையிலேயே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். அன்று மழை பெய்யுமா, எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று அந்த நேரத்தில் எவருக்கும் தெரியாது. ஆகவே முந்தைய நாள் எண்ணிக்கையை வைத்தோ, சராசரியை வைத்தோதான் சமைக்க முடியும். தாழ்வான நிலப்பகுதியான ஹவுராவில் ஒரு பெருமழை பெய்தால் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அன்று வருகை பாதியாகும், உணவு வீணாகும். மறுநாள் வெயில் அடித்து எல்லோரும் வந்துவிட்டால், முந்தைய நாளின் குறைந்த எண்ணிக்கைக்கே உணவு வரும். கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளையின் தட்டு காலியாக இருக்கும்.

பள்ளிச் சமையலறையில் இந்தச் சிக்கல் பெருமளவு இல்லை. முதல் பாடவேளை முடிந்ததும் வகுப்புவாரியாக எண்ணி, அதற்குரிய அரிசியை அளந்து போடலாம். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. உயர்தொடக்க வகுப்புக்கு 150, 30, 75 கிராம் என்பது அளவு. 40 பிள்ளைகள் குறைந்தால் நான்கு கிலோ அரிசி சாக்கிலேயே மிச்சமிருக்கும். பத்து பேர் தாமதமாக வந்தால் பருப்பில் சற்றுத் தண்ணீர் சேர்த்தேனும், இன்னொரு படி அரிசி உலையில் போட்டேனும் சமாளிக்க அங்கே ஆள் இருக்கிறார். அந்த ஆளுக்குப் பிள்ளைகளின் பெயர் தெரியும்.

வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2022 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சாந்த்ராகாச்சி ரயில்வே மேம்பாலம் பழுதுபார்ப்புக்காகப் பகுதியளவு மூடப்பட்டபோது ஹவுராவின் போக்குவரத்தே திணறியது. சாதாரண நாளிலும் கோனா விரைவுச்சாலையில் வாகனங்கள் ஊர்ந்து செல்வது அங்குள்ளோர் அறிந்தது. இத்தகைய சாலையை நம்பி, மூடிய பாத்திரத்தில் மணிக்கணக்காக வெந்துகொண்டே வரும் சோற்றை ஏழு வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு நவீனம் என்று பெயர் சூட்ட முடியாது.

உணவின் உள்ளடக்கமும் மாறுகிறது. சாந்த்ராகாச்சியின் சேனைக்கிழங்கு வங்கம் முழுவதும் பெயர் பெற்றது. அருகிலுள்ள சந்தையில் அன்று மலிவாகக் கிடைக்கும் காயை வாங்கிச் சமைக்கப் பள்ளிச் சமையலறையால் முடியும். பல்லாயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் சமைக்கும் கூடம், தன் இயந்திரத்துக்கு ஏற்ற பண்டத்தையே எல்லோருக்கும் போடும். அதைவிட முக்கியமானது, அந்தக் கூடத்தை நடத்துவோரின் நம்பிக்கை பிள்ளைகளின் தட்டில் திணிக்கப்படுவது. பெரும் மைய சமையற்கூடங்களை நடத்தும் அட்சய பாத்திரம் அமைப்பு வெங்காயமும் பூண்டும் சேர்க்க மறுத்தது கர்நாடகத்தில் 2018-19இல் பெரும் விவாதமானது. முட்டையும் அவர்களது பட்டியலில் இல்லை. மீனும் முட்டையும் அன்றாட உணவாக உள்ள வங்கத்தில், புரதத்துக்கு ஏங்கும் ஏழைப் பிள்ளையின் முட்டையைப் பறித்துவிட்டு அதற்குச் சாத்விகம் என்று பெயர் வைப்பதை ஏற்க முடியுமா?

நியூசிலாந்தும் அமெரிக்காவும் தரும் பாடம்

இது இந்தியாவில் மட்டும் நடப்பதல்ல. நியூசிலாந்தில் பள்ளிகளுக்கு இலவச மதிய உணவுத் திட்டம் உண்டு. பள்ளிகள் தங்கள் சமையலறையிலோ, உள்ளூர் உணவகத்தாரிடமோ உணவைப் பெற்றுவந்தன. வலதுசாரிக் கூட்டணி அரசு, செலவைக் குறைப்பதாகச் சொல்லி, 2025 தொடக்கத்திலிருந்து ஒரு சாப்பாட்டுக்கு 3 டாலர் என்ற விலையில் பெரும்பாலான பள்ளிகளுக்கான பொறுப்பை, பன்னாட்டு நிறுவனமான காம்பஸ் தலைமையிலான கூட்டமைப்பிடம் ஒப்படைத்தது. விளைவு என்ன? உணவு தாமதமாக வந்தது. சில பள்ளிகளுக்கு வரவே இல்லை. பிள்ளைகள் தொடாத பொட்டலங்கள் குவிந்தன. சில மாதங்களிலேயே, 2025 மார்ச்சில், கூட்டமைப்பில் இருந்த லிபெல் என்ற நிறுவனம் திவாலாகிக் கலைப்புக்குச் சென்றது. பள்ளிகளிடமிருந்த தேர்வு உரிமை பறிக்கப்பட்டதால் தலைமை ஆசிரியர்கள் புகார் எழுதுவதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாதவர்களாக நின்றனர்.

செயலி முறையின் இலட்சணத்தை அமெரிக்காவில் காணலாம். அங்கு பல பள்ளிகளில் பெற்றோர் இணையவழியே பிள்ளையின் உணவுக் கணக்கில் பணம் செலுத்துகிறார்கள். இதற்கென்றே சில தனியார் நிறுவனங்கள் உள்ளன. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒவ்வொரு முறை பணம் செலுத்தும்போதும் சராசரியாக 2.37 டாலர் கட்டணமாகப் பிடிக்கப்படுகிறது. குடும்பங்கள் இவ்வாறு இழக்கும் தொகை ஆண்டுக்கு 10 கோடி டாலரைத் தாண்டக்கூடும். இதில் மிகக் கொடுமையானது, ஏழைக் குடும்பங்களே அதிகம் இழப்பது. அவர்களால் மொத்தமாகப் பணம் கட்ட முடியாது. சிறுகச் சிறுகக் கட்டும் ஒவ்வொரு முறையும் கட்டணம் விழுகிறது. உணவுக் கடன் பாக்கி வைத்த பிள்ளை என்ற பெயரும் சேர்ந்துகொள்கிறது. பசிக்கும் பிள்ளையை வாடிக்கையாளர் ஆக்கினால் முடிவு இதுதான்.

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதம் அந்நியமல்ல. 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த தனது பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியபோது ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிடுவது என்று முடிவு செய்தது. அந்தச் செலவை ஆங்கிலேய அரசு அனுமதிக்க மறுத்ததால் 1925இல் திட்டம் நின்றது. காமராஜர் ஆட்சியில் 1956இலும், எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இலும் அது விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் செலவைக் காரணம் காட்டியவர்கள் இருந்தார்கள். பள்ளிக்குள்ளேயே, ஊர்ப் பெண்களின் கையால், பொதுப்பணத்தில் என்ற அடித்தளம் நின்றதால்தான் திட்டமும் நின்றது.

யாருடைய கை சமைக்கிறது?

சமைப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போனால் சாதித் தகராறுகள் ஓய்ந்துவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். உச்சநீதிமன்றம் 2004 ஏப்ரலில், சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித், பழங்குடி மக்களுக்கு முன்னுரிமை அளிக்க உத்தரவிட்டது. அந்த உத்தரவின் பொருள் வெறும் வேலைவாய்ப்பு அல்ல. தலித் பெண் சமைத்த சோற்றை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது சமத்துவத்தின் முதல் பாடம். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் சமையலர் எதிர்க்கப்பட்டபோது, போராட்டமே அவரை அந்தச் சமையலறையில் நிலைநிறுத்தியது. வங்கத்திலும் இந்த நோய் வேறு வடிவில் உண்டு. பூர்வ வர்த்தமான் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இந்துப் பிள்ளைகளுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் தனித்தனிச் சமையலர், தனித்தனிப் பாத்திரம் என ஆண்டுக்கணக்கில் நடந்துவந்தது 2025 ஜூனில் வெளியே தெரிந்தது. அதன் பின்னரே ஒரே அடுப்பில் சமைக்கப்பட்டது. சமையலறை பள்ளிக்குள் இருந்ததால்தான் அந்த அநீதி கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதால்தான் திருத்தப்பட்டது. சமையலறையை ஊருக்கு வெளியே கொண்டுபோனால் பாகுபாடு ஒழியாது, பார்வையிலிருந்து ஒளியும்.

இந்தச் சோற்றைச் சமைப்போரின் நிலை என்ன? நாடு முழுவதும் சுமார் 25 லட்சம் பேர், மிகப் பெரும்பாலோர் பெண்கள். 2009இல் நிர்ணயித்த மாதம் 1,000 ரூபாயை ஒன்றிய அரசு இன்றுவரை உயர்த்தவில்லை. அதுவும் ஆண்டில் பத்து மாதத்துக்கு மட்டுமே. மேற்கு வங்கத்தில் 2024 நிதிநிலை அறிக்கையில் 500 ரூபாய் கூட்டிய பிறகும் கிடைத்தது 2,000 ரூபாய். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் குறைவு, குழுவில் பெண்கள் அதிகம் என்பதால் அந்தத் தொகையையும் பங்கிட்டுக்கொள்ளும் குழுக்கள் ஏராளம். மாதம் 1,000 ரூபாய்க்கு வேலை வாங்குவது அரசியல் சட்டம் தடை செய்துள்ள கட்டாய உழைப்பு என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 2020 டிசம்பரில் கூறியது. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியம் வழங்க 2013ஆம் ஆண்டின் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. இரண்டும் ஏட்டிலேயே உள்ளன. மைய சமையற்கூடம் வந்தால், இந்தச் சொற்பமும் போகும்.

பொருள்களுக்கான ஒதுக்கீடும் இதே கதைதான். 2025 மே முதல் தொடக்க வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு 6.78 ரூபாய், உயர்தொடக்க வகுப்புக்கு 10.17 ரூபாய். பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். ஒரு முட்டை வாங்கினாலே தொடக்க வகுப்புக்கான தொகை கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். பஞ்சாயத்துத் தேர்தல் நெருங்கிய 2023 ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டும், கோழிக்கறியும் பழமும் தருவதாக மாநில அரசு 371 கோடி ரூபாயைக் கூடுதலாக ஒதுக்கியது. நான்கு மாதம் தர முடிந்ததை ஆண்டு முழுவதும் ஏன் தர முடியாது?

கேள்விகளுக்கு விடை

பள்ளிச் சமையலறை பாதுகாப்பானதா என்ற கேள்வியை நாம் ஒதுக்கிவிட முடியாது. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டம் கண்டமன் கிராமத்தில் பூச்சிமருந்து கலந்த உணவால் 23 பிள்ளைகள் மாண்டதை நாடு மறக்கக் கூடாது. ஆனால் அங்கே இல்லாமல் போனது தனிச் சமையலறை, பாதுகாப்பான பொருள் அறை, பொறுப்புள்ள மேற்பார்வை ஆகியவை. அவற்றைக் கட்டித் தருவது அரசின் கடமை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் சமைக்கும் வசதி, குடிநீர், கழிப்பறை இருக்க வேண்டும் என்கிறது. நகர்ப்புறங்களில் தேவைப்படும் இடங்களில் மட்டுமே மைய சமையற்கூடத்துக்கு இடமளிக்கிறது. விதிவிலக்கை விதியாக மாற்றுவதே இன்று நடக்கும் சூழ்ச்சி. மேலும், ஒரு பள்ளியில் தவறு நேர்ந்தால் பாதிப்பு அந்தப் பள்ளியோடு நிற்கும். நூறு பள்ளிக்குச் சமைக்கும் கூடத்தில் தவறு நேர்ந்தால்?

ஆசிரியர்களின் நேரம் வீணாகிறது என்பது உண்மையான குறை. அதற்கு விடை, தமிழ்நாட்டில் சத்துணவு அமைப்பாளர் இருப்பதுபோல் கணக்குக்கென்று தனி ஊழியரை நியமிப்பதே.

ஆகவே சாந்த்ராகாச்சியிலும் அது போன்ற எல்லா நகர்ப்புறப் பகுதிகளிலும் நாம் முன்வைக்க வேண்டிய முறை எளிமையானது. முதல் பாடவேளை முடிந்ததும் வகுப்புவாரி எண்ணிக்கை எடுத்து, பள்ளி வாசலில் உள்ள கரும்பலகையில் எழுத வேண்டும். அன்றைய உணவுப் பட்டியலும், சாக்கிலிருந்து எடுத்த அரிசியின் எடையும் அதன் கீழே இருக்க வேண்டும். அதே எண் கைபேசிவழி மேலே செல்லட்டும். தொழில்நுட்பத்தை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் வட்டம், மாவட்டம், மாநிலம் ஆகிய ஒவ்வொரு படியிலும் அந்த எண் பள்ளிவாரியாக வெளியிடப்பட வேண்டும். வாசலில் எழுதியதும் தலைநகரில் எழுதியதும் ஒன்றா என்று எந்தத் தாயும் ஒப்பிட்டுப் பார்க்க முடிய வேண்டும். முகமோ விரல்ரேகையோ ஆதாரோ சோற்றுக்கு நிபந்தனையாகக் கூடாது. இடமில்லாத பள்ளிகளுக்கு, நடந்து செல்லும் தூரத்தில் மூன்று, நான்கு பள்ளிகள் சேர்ந்த பொதுச் சமையலறையைச் சுய உதவிக்குழுக்களே நடத்தட்டும். விதிகளில் உள்ள சமூகத் தணிக்கை பெற்றோர் முன்னிலையில் உண்மையாகவே நடக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்க உள்ளூரில் ஒரு மன்றம் வேண்டும். ஹவுரா மாநகராட்சிக்கு 2013இல் தேர்தல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2018 டிசம்பரில் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளின் நிர்வாகமே நடந்துவந்தது. மாநிலத் தலைமைச் செயலகமான நபான்னோ அதே ஹவுராவில், சாந்த்ராகாச்சியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் தட்டில் பருப்பு ஏன் தண்ணீராக இருக்கிறது என்று கேட்க ஒரு கவுன்சிலர் இல்லாத நிலையைத் திரிணாமுல் அரசு உருவாக்கியது. கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் ஒப்பந்தக்காரர் நுழைகிறார்.

பெற்றோர், ஆசிரியர் சங்கங்கள், மதிய உணவுத் தொழிலாளர் சங்கங்கள் மூவரும் ஒரே மேடைக்கு வர வேண்டிய நேரம் இது. தொழிலாளியின் ஊதியக் கோரிக்கையும் பிள்ளையின் முட்டைக் கோரிக்கையும் தனித்தனி அல்ல. பள்ளிச் சோற்றின் கணக்கு பள்ளி வாசலில், எல்லோரும் படிக்கும் எழுத்தில் எழுதப்பட வேண்டும். அதை எழுதும் சுண்ணக்கட்டி மக்களின் கையில் இருக்க வேண்டும்.